முற்றத்துத் தீனித்தட்டுக்குக் குருவிகள் வரவேண்டும். அணிலும் எலியும் வரக்கூடாது. வழி உண்டா?

கொக்குவில் வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொக்குவிலில் இரண்டு பரப்பு வளவில் வசிக்கிறோம். கடந்த மாசி மாதம் கிணற்றடி மாமரத்தின் கொப்பில் ஒரு பலகைத் தட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் குறுனலும் உடைத்த கச்சானும் வைக்கத் தொடங்கினேன். முதல் வாரத்தில் புலுனிக் கூட்டமும் ஒரு சோடி கொண்டைக்குருவியும் வந்து போனதைப் பார்க்க மனத்துக்கு இதமாக இருந்தது. பின்னர் அணில்கள் வந்து கச்சான் முழுவதையும் அள்ளிச் சென்றன. காகங்கள் வந்து மற்றவற்றைத் துரத்தின. இப்போது விடியற்காலையில் தட்டிலும் அதன் கீழும் எலிப்புழுக்கை கிடக்கிறது. அயல்வீட்டுப் பூனையோ செவ்வரத்தைப் பற்றைக்குள் பதுங்கிக் காத்திருக்கிறது. எலிக்கு மருந்து வைக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தென்மராட்சித் தோட்டம் எழுதியது:

தட்டை மாமரத்தில் கட்டியதுதான் முதற்பிழை என்று நினைக்கிறேன். மரத்தில் தொங்கும் எதுவும் அணிலுக்கு வாசலில் வைத்த படையல் போன்றதே. வெட்ட வெளியில், எந்தக் கொப்பிலிருந்தும் மதிலிலிருந்தும் எட்டுப் பத்து அடியாவது தள்ளி, ஆறடி உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை நட்டு அதன் உச்சியில் தட்டைப் பொருத்துங்கள். தென்னையில் எலி ஏறாமலிருக்க நாங்கள் தகரம் அடிப்பது உங்களுக்குத் தெரியும். அதே முறையில் நிலத்திலிருந்து நாலடி உயரத்தில், வழுவழுப்பான தகரத்தைக் கவிழ்த்த புனல் வடிவில் குழாயைச் சுற்றிக் கட்டினால், ஏறிவரும் எலியும் அணிலும் அதற்கு மேல் பிடி கிடைக்காமல் திரும்பிவிடும். தகரம் துருப்பிடித்துச் சொரசொரப்பானால் மாற்றிவிட வேண்டும். துருவில் நகம் பற்றும். எங்கள் வளவில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு மாரிக்குப் பிறகு அணில்கள் மறுபடியும் மேலே ஏறிவிட்டன.

பற்றைக்கு அருகில் தட்டு இருக்கக்கூடாது. பூனை பாய்வதற்கு மறைவு இல்லாத தூரத்திலும், குருவி பயந்தால் பறந்து சேரக்கூடிய ஒரு மரம் கண்ணில் படும் தூரத்திலும் இருப்பதே நல்லது. கச்சானை அடியோடு நிறுத்திவிடுங்கள். குறுனலுடன் சாமையோ தினையோ ஒரு கைப்பிடி, காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும் அளவு மட்டும் போதும். மிஞ்சியதையும் நிலத்தில் சிந்தியதையும் பொழுதுபடுமுன் கூட்டி அள்ளாவிட்டால், எத்தனை தகரம் அடித்தாலும் எலி வரத்தான் செய்யும்.

சுன்னாகம் சந்தையடி எழுதியது:

செத்தல் மிளகாய்த் தூளைத் தானியத்தில் கலந்து பாருங்கள். மிளகாயின் உறைப்பு பறவைகளுக்குத் தெரிவதில்லை. அணிலுக்கும் எலிக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் சோளகக் காற்று வீசும் மாதங்களில் தூள் பறந்து உங்கள் கண்ணிலேயே விழும் என்பதால், தானியத்தில் சிறிது தேங்காயெண்ணெய் பிசறிய பின் கலக்க வேண்டும். காகத்துக்கு வேறு வழி: ஒன்றரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையால் தட்டைக் கூடுபோல மூடினால் அடைக்கலக்குருவியும் சில்லையும் நுழையும், காகம் நுழையாது. மைனாவும் புறாவும்கூட வெளியில்தான் நிற்கும் என்பதை யோசித்துச் செய்யுங்கள். சனிக்கிழமைகளில் காகத்துக்கு வைக்கும் சோற்றை வளவின் மறுகோடியில் வையுங்கள்.

விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

எலிநஞ்சு வேண்டாம் என்ற உங்கள் எண்ணமே சரியானது. இரத்தம் உறையாமல் செய்யும் வகை நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேர்கிறது. ஓர் ஊரில் ஆந்தை அற்றுப்போனால் எலியைக் கட்டுப்படுத்துவது யார்? அதற்காக எலியை அலட்சியம் செய்யவும் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும். தட்டைச் சுத்தம் செய்யும்போது, குறிப்பாக மாரியில், வெறுங்கையாலும் வெறுங்காலோடும் ஈரமண்ணைத் தொடாதீர்கள்.

தானியத்தைவிடத் தண்ணீரே இங்கு கூடுதல் பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். ஆறு இல்லாத குடாநாட்டில் கோடை நீளும்போது, நிழலில் வைத்த ஓர் அகலமான மண்சட்டிக்கு, தானியத்தைத் திரும்பியும் பாராத குண்டுக்கரிச்சானும் கரிக்குருவியும் வந்துவிடும். அவை பூச்சி தின்பவை. சட்டியின் ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், நடுவில் ஒரு கல் இருக்கட்டும். டெங்கு பரப்பும் நுளம்பின் முட்டை சட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் இருமுறை தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இன்னொன்று. கதியால் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டிய பிறகுதான் நம்மில் பலர் குருவிகள் எங்கே போயின என்று தேடுகிறோம். மதிலோரமாக இரண்டு முள்முருக்கங் கதியால் ஊன்றுங்கள். பூக்கும் காலத்தில் தேன்சிட்டும் மைனாவும் தாமாக வரும். வீட்டில் விழாத தூரத்தில் பட்ட தென்னை நின்றால் உடனே தறிக்க வேண்டாம். நம் வடபகுதிக்குரிய பொன்முதுகு மரங்கொத்தி அதில் பொந்து குடையும். தெற்கே உள்ளதற்கு முதுகு சிவப்பு.

கொக்குவில் வளவு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. குழாயும் தகரமும் வீட்டிலேயே கிடக்கின்றன, எனவே நாளையே நட்டுவிடுவேன். மண்சட்டியை இன்று காலையிலேயே வேப்பமர நிழலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் புலுனிகள் ஏழு எட்டு ஒன்றாக இறங்கிக் குளித்து, தண்ணீரில் பாதியை வெளியே இறைத்துவிட்டன. ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி: சட்டியை நிலத்தில் வைத்தால் அந்தப் பூனைக்கு வசதியாகிவிடாதா?

விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

ஆகும். மூன்றடி உயரத்துக்குக் கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். சுற்றிலும் இரண்டு பாக தூரத்துக்கு, அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு, பற்றை இருக்கக் கூடாது. நனைந்த இறகோடு குருவியால் சட்டெனப் பறக்க முடியாது.