தடுப்பூசி போட்ட லாயத்திலும் ஹெர்ப்பிஸ் கருச்சிதைவு: ஊசியைத் தொடர வேண்டுமா?

கேள்வி (லாயப் பொறுப்பாளர்)

வணக்கம். எங்கள் லாயத்தில் சினைப் பெட்டைகளுக்கு 5, 7, 9ஆம் மாதங்களில் இ.எச்.வி-1 (குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ்-1) தடுப்பூசி தவறாமல் போடப்படுகிறது. அப்படியிருந்தும், காய்ச்சலோ மூக்கொழுக்கோ எதுவும் காட்டாமல் இருந்த ஒரு பெட்டை பத்தாம் மாதத்தில் குட்டியை வீசிவிட்டது. வீசிய கருவின் நுரையீரலிலும் கல்லீரலிலும் வைரஸ் இருப்பது பி.சி.ஆர். சோதனையில் உறுதியாகியிருக்கிறது. வெளிக்குதிரை எதுவும் அந்த மந்தைக்குள் வரவில்லை. வேலை செய்யாத ஊசிக்கு இனி செலவழிக்க வேண்டாம் என்கிறார் உரிமையாளர். வைரஸ் எங்கிருந்து வந்திருக்கும்? ஊசி உண்மையில் எதைத் தடுக்கிறது?

மறுமொழி (கால்நடை மருத்துவர்)

வைரஸ் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்திருக்காது, மந்தைக்குள்ளேயே இருந்திருக்கும். குட்டிகளில் பல, பிறந்த சில வாரங்களிலேயே தாயிடமிருந்தோ உடனிருக்கும் பெட்டைகளிடமிருந்தோ இந்தத் தொற்றைப் பெற்றுவிடுகின்றன. அதன்பின் வைரஸ், முகத்துக்கு உணர்வூட்டும் முப்பெரு நரம்பின் முடிச்சிலும் நிணநீர்ச் செல்களிலும் ஓசையின்றித் தங்கி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கும். நீண்ட பயணம், பால் மறக்கச் செய்தல், மந்தை மாற்றம், ஸ்டீராய்டு மருந்து போன்ற ஏதோ ஒன்று அக்குதிரையின் எதிர்ப்பாற்றலைத் தளர்த்தும்போது அது மீண்டும் பெருகி மூக்கின் வழியே வெளியேறுகிறது. அப்போது அந்தக் குதிரை நோயாளியாகத் தோன்றவேண்டும் என்பதில்லை.

ஊசி எதைத் தடுக்கிறது என்பதற்கு, வைரஸ் உடலுக்குள் செல்லும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்கின் உட்சவ்வில் பெருகும் இ.எச்.வி-1 அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அடைந்து, வெள்ளணுக்களுக்குள் புகுந்துகொண்டு இரத்தத்தில் பயணம் செய்கிறது. தடுப்பூசி முதன்மையாக உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் வெளியே மிதக்கும் வைரஸைப் பிடிக்குமே தவிர, செல்லுக்குள் மறைந்து செல்லும் வைரஸை எளிதில் எட்டுவதில்லை. அந்த வெள்ளணுக்கள் கருப்பையின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி வைரஸைக் கடத்தும்போது, குழாய் வீங்கி, இரத்தம் உறைந்து, நஞ்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. தாய்க்கு முன்னறிகுறி எதுவும் இல்லாமல் குட்டி திடீரென வெளியே வருவதற்குக் காரணம் இதுதான். தொற்று ஏற்பட்டு இரண்டு வாரங்களிலிருந்து சில மாதங்கள் கழித்தும் இது நிகழலாம் என்பதால், எந்த நாளில் தொற்றியது என்று தேடுவது பெரும்பாலும் பயனற்றது.

ஆகவே, ஊசி ஒவ்வொரு பெட்டைக்கும் தரும் உறுதி முழுமையானதல்ல. ஆனால் ஊசி போட்ட குதிரை வெளியேற்றும் வைரஸின் அளவும் நாட்களும் பொதுவாகக் குறைகின்றன. பக்கத்தில் நிற்பவற்றுக்குப் போய்ச்சேரும் வைரஸும் அதனால் குறைகிறது. ஊசி போடாத மந்தையில் ஒரு கருச்சிதைவு அடுத்தடுத்துப் பலவாகப் பெருகிய வரலாறு உண்டு. உங்கள் மந்தையில் இது ஒன்றோடு நின்றால், அதில் ஊசிக்கும் பங்கிருக்கலாம் என்பதை உரிமையாளரிடம் சொல்லுங்கள். அதோடு, சினைப் பெட்டைகளுக்கு மட்டும் ஊசி போட்டு, ஒரே வேலிக்குள் மேயும் இளங்குதிரைகளையும் சினையில்லாதவற்றையும் விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வைரஸைப் பெருக்கிக் கொடுப்பவை பெரும்பாலும் அவைதாம் என்பதால், மந்தை முழுவதற்கும் போட்டால்தான் இந்தச் செலவுக்கு முழுப் பயன் கிடைக்கும்.

மறுமொழி (போட்டிக் குதிரைப் பயிற்சியாளர்)

இதே வைரஸ் தரும் நரம்பு நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதி அதிகம் ஏமாற்றுவது அங்கேதான். தண்டுவடத்தைத் தாக்கும் இ.எச்.வி-1 வடிவத்தைத் தடுக்கும் என்ற உரிமத்தோடு விற்கப்படும் தடுப்பூசி எதுவும் இன்றுவரை இல்லை. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த குதிரைத் தாண்டல் போட்டிகளில் தொடங்கிய தொற்று, வீடு திரும்பிய குதிரைகள் வழியாக வேறு நாடுகளுக்கும் பரவி 18 குதிரைகளைக் கொன்றது. ஐரோப்பாவின் பல நாடுகளில் பன்னாட்டுப் போட்டிகள் ஏப்ரல் 11 வரை நிறுத்தப்பட்டன.

எங்களிடம் காலையும் மாலையும் ஆசனவாய் வெப்பநிலை அளந்து, லாயக் கதவில் தொங்கும் அட்டையில் எழுதுகிறோம். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அக்குதிரை உடனே தனி லாயத்துக்குப் போகும். மூக்குச் சளிப் பஞ்சும் உறைதடுப்பான் கலந்த குழாயில் இரத்தமும் சோதனைக்குப் போகும். வால் தளர்வது, சிறுநீர் சொட்டுவது, பின்னங்கால் இழுபடுவது எல்லாம் பெரும்பாலும் காய்ச்சலுக்குச் சில நாட்கள் கழித்தே தெரியும். அதற்குள் பக்கத்து லாயங்களுக்குத் தொற்றிவிட்டிருக்கும். எழுந்து நிற்க முடிகிற குதிரைகள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. படுத்துவிட்டவற்றைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மந்தையில் இன்னும் குட்டி ஈனாத பெட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்கு உடனே ஊக்கத் தவணை போட்டுவிடலாமா?

மறுமொழி (கால்நடை மருத்துவர்)

வீசிய பெட்டையோடு மேய்ந்தவற்றை ஏற்கெனவே தொற்றியவையாகவே கருதுங்கள். இப்போது போடும் ஊசி அவற்றைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க இயலாது. அவற்றைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குட்டி ஈனும்வரை வேறு எந்தச் சினைப் பெட்டையோடும் சேர்க்காதீர்கள். தொடர்பே இல்லாமல் வேறு இடத்தில் நிற்பவற்றுக்கு, கடைசி ஊசி போட்டு மூன்று மாதங்களுக்கு மேலாகியிருந்தால் ஊக்கத் தவணை பயனளிக்கும். கடைசிக் கருச்சிதைவுக்குப் பின் குறைந்தது 28 நாட்களாவது எந்தக் குதிரையும் வெளியே போகவோ உள்ளே வரவோ கூடாது.

வீசிய கருவிலும் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் வைரஸ் மிக அதிகமாக இருக்கும் என்பதால், அந்த இடத்தின் வைக்கோலை அப்புறப்படுத்தி, தரையைச் சோப்பு நீரால் கழுவிய பிறகே கிருமிநாசினி தெளியுங்கள். சாணமும் அழுக்கும் படிந்த தரையில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. பராமரிப்பாளர்கள் தொடர்பில்லாத பெட்டைகளை முதலிலும் இந்தக் குழுவைக் கடைசியிலும் கவனிக்கட்டும். வாளி, கயிறு, காலணி எல்லாம் இக்குழுவுக்கெனத் தனியாக இருக்கட்டும். கரு வீசிய பெட்டையின் சினைபிடிக்கும் திறன் பொதுவாகக் கெடுவதில்லை. ஆனால் தனிமைக் காலம் முடியும்வரை அதைப் பொலிகுதிரையிடம் கொண்டுபோக வேண்டாம்.