கலைச்சொல்: கிரேக்கமயமாக்கலா, கிரேக்கமயமாதலா, வேறா?

அனுப்புநர்: பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களுக்கு வணக்கம்.

மேல்நிலை வரலாற்று நூல் ஒன்றுக்கு 'ஹெலனைசேஷன்' என்பதற்கு ஒரு சொல் உறுதிசெய்ய வேண்டும். படியில் ஒரே அத்தியாயத்துக்குள் நான்கு வடிவங்கள் கிடக்கின்றன: கிரேக்கமயமாக்கல், யவனமயமாதல், ஹெலனியமயமாக்கம், கிரேக்கப் பண்பாட்டுப் பரவல். கடைசியது விளக்கம்தானே தவிர, கலைச்சொல் ஆகாது. 'கிரேக்கப் பண்பாட்டுப் பரவலுக்கு உள்ளான பாக்திரிய அரண்மனை' என்று எழுதினால் வாக்கியம் அங்கேயே படுத்துவிடும். பெயரெச்சமாகவும் வினையாகவும் வளைந்து கொடுக்கிற சொல் வேண்டும்.

அது நிற்க வேண்டிய இடங்கள் நான்கு: அலெக்சாந்தருக்கு முந்தைய காரியாவும் லிக்கியாவும் (இன்றைய துருக்கியின் தென்மேற்கு), கி.மு. 175ஐ ஒட்டிய எருசலேம், செலூக்கியர் (அலெக்சாந்தருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட மாசிதோனிய மரபினர்) கால உரூக் (இன்றைய ஈராக்கில்), ஆமூ தாரியா கரையிலுள்ள பாக்திரிய நகரம் ஆய் கானூம் (இன்றைய வட ஆப்கானிஸ்தானில்). நான்குக்கும் பொருந்தினால் மற்ற இடங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

---

அனுப்புநர்: பண்டைய வரலாறு கற்பிப்பவர்

> கிரேக்கமயமாக்கல்

இதைப் பொதுச்சொல்லாக வைக்கவே கூடாது. 'ஆக்கல்' என்றதும் ஆக்கியவர் யார் என்ற கேள்வி வருகிறது. நீங்கள் சொன்ன இடங்களில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்குக் கிரேக்கர் என்ற விடை கிடைக்காது.

காரியாவை எடுங்கள். ஆலிகர்னாசில் கிரேக்கச் சிற்பிகள் செதுக்கிய மாபெரும் கல்லறைக்கு உரியவர் மௌசோலோஸ். அவர் கி.மு. 353இல் இறந்தார். காரியர்; பாரசீகப் பேரரசின் கீழ் ஆண்ட சத்ரப் (மாகாண ஆளுநர்). லிக்கியாவின் லேத்தோவனில் 1973இல் கிடைத்த கல்வெட்டு கிரேக்கம், லிக்கியம், அரமேயம் என மும்மொழியில் உள்ளது. அதில் வரும் பிக்சோதாரோசும் பாரசீகச் சத்ரப்தான். மாசிதோனியப் படை அந்தப் பக்கம் வருமுன்பே ஊர்க் கோயில் வழிபாட்டு ஏற்பாட்டைக் கிரேக்கத்திலும் பொறிக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள். யாரும் அவர்களை 'ஆக்கவில்லை'.

எருசலேம் இதைவிடத் தெளிவு. செலூக்கிய மன்னர் நான்காம் அந்தியோக்குவின் பெயரைக் கேட்டதும் கட்டாயப்படுத்தல்தான் நினைவுக்கு வரும். ஆனால் மக்கபேயர் இரண்டாம் நூல், நாலாம் அதிகாரத்தில் கணக்கே இருக்கிறது. தலைமைக் குரு பதவிக்காக யாசோன் தர முன்வந்தது 360 தாலந்து (பண்டைய எடையளவு) வெள்ளி; வேறு வருவாயிலிருந்து இன்னும் 80. உடற்பயிற்சிக் கூடமும் இளைஞர் பயிற்சியகமும் நிறுவும் உரிமை கிடைத்தால் அதற்கு மேல் 150. பணம் உள்ளூரிலிருந்து மன்னருக்குப் போகிறது! பின்னாளில் கோயிலைத் தீட்டுப்படுத்தியதும் யூத வழக்கங்களைத் தடைசெய்ததும் வேறு கட்டம். அதற்கு 'ஆக்கல்' பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவருக்கு இந்த வேறுபாடே தெரியாமல் போகும்.

எனவே, இயல்பாக நடந்தால் கிரேக்கமயமாதல்; ஆணையிட்டவர் யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் மட்டும் கிரேக்கமயமாக்கல். தன்வினை, பிறவினை என்று தமிழ் நமக்குக் கையில் கொடுத்திருக்கும் வசதியை ஏன் விட வேண்டும்?

---

அனுப்புநர்: நாணயவியல் ஆய்வாளர்

> யவனமயமாதல்

காதுக்கு இனிமைதான், சங்க இலக்கிய மணமும் உண்டு. ஆனாலும் வேண்டாம். முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனரும், அகநானூற்றில் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் கலத்துக்குரிய யவனரும் மேற்கிலிருந்து வந்தவர் என்பதே சொல்லின் அடிப்படை. உரோமப் பேரரசின் குடிகளும் அதில் அடங்குவர். பிற்காலத்தில் அராபியர் வரை அந்தப் பெயர் போயிற்று. மராட்டியத்தின் கார்லே குகையில் தூண் கொடுத்த யவனர்களோ பௌத்தக் கொடையாளர்கள். பெயர்களும் இந்தியப் பெயர்கள். அவர்களை 'யவனமயமானவர்' என்பதா, 'யவனமயம் நீங்கியவர்' என்பதா?

இன்னொன்று. எதிர்த்திசைக்கும் அதே அச்சில் சொல் வார்க்க முடிய வேண்டும். இந்தோ-கிரேக்க மன்னன் மெனாந்தரின் வெள்ளித் திரக்மா நாணயத்தைக் கையில் எடுங்கள். முன்புறம் கிரேக்க எழுத்தில் 'பசிலேயோஸ் சோதேரோஸ்' (அரசன், காப்பவன்), பின்புறம் வடமேற்கு இந்திய எழுத்தான கரோஷ்டியில் அதே பொருளில் 'மகாரஜச த்ரதரச'. எடை ஏறத்தாழ 2.4 கிராம். ஏதென்சு முறைத் திரக்மா என்றால் 4.3 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். உருவமும் பட்டமும் கிரேக்கம், எடைமுறை இந்தியச் சந்தைக்கு உரியது. இன்னொரு கிரேக்க மன்னன் அகத்தொக்லேசின் காசுகள் இன்னும் ஒரு படி மேல்: சதுர வடிவம், ஒரு பக்கம் சக்கரத்தோடு வாசுதேவன், மறுபக்கம் கலப்பையோடு பலராமன். அவற்றில் ஆறு 1970இல் ஆய் கானூமில் கிடைத்தன. கிரேக்க மன்னன் இங்கே இந்தியமயமாகிறான். மத்திய இந்தியாவின் பெஸ்நகரில் கருடத்தூண் நட்ட எலியோதோரோஸ், இந்தோ-கிரேக்க மன்னன் அந்தியால்கிதாசின் தூதர். தன்னைப் 'பாகவதன்' (திருமால் அடியவன்) என்கிறார். கிரேக்கமயமாதல், இந்தியமயமாதல் என்ற இணை இருந்தால் இதெல்லாம் ஒரே பத்தியில் சிக்கலின்றி உட்காரும்.

---

அனுப்புநர்: மொழியியலர்

ஆதல், ஆக்கல் பிரிவை ஏற்கிறேன். எனக்கு உறுத்துவது 'மயம்'. ஆனந்தமயம், சோதிமயம் என்னும்போது 'முழுக்க அதுவே' என்ற பொருள் இருக்கிறது. ஆய் கானூமுக்கு அது ஒத்துவருமா? அரங்கமும் உடற்பயிற்சிக் கூடமும் கொரிந்தியத் தூண்தலைகளும் உண்டு. தெல்பியின் அறமொழிகளைப் படியெடுத்துப் பொறித்த கல்லும் உண்டு. ஆனால் சுவர்கள் சுடாத பச்சைச் செங்கல். நகரின் முதன்மைக் கோயில் மாடம் வைத்த புறச்சுவரோடு மெசபத்தோமிய அமைப்பில் நிற்கிறது. உள்ளே இருந்த சிலையில் மிஞ்சியதோ இடிப்படை பொறித்த செருப்பணிந்த பளிங்குக் கால். அந்தக் கால் மட்டும் கிரேக்கம். இதை 'மயம்' என்றால் மிகை.

'கிரேக்கத் தோய்வு' என்று வைத்தால் என்ன? துணியில் சாயம் தோய்வதுபோல அடியிலிருக்கும் நூல் அழியாது. தோய்தல், தோய்த்தல் என்று உங்கள் தன்வினை, பிறவினையும் கிடைக்கிறது.

---

அனுப்புநர்: பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

அழகான சொல், ஐயா. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். 'கிரேக்கம் தோய்ந்த அரண்மனை' நன்றாக நிற்கிறது. 'உரூக்கில் கிரேக்கத் தோய்வு குறைவு' என்பதும் சரி. 'கிரேக்கம் தோய்த்தவர்' என்னும்போது சிரிப்பு வருகிறது. உரோம, அரபு, சமஸ்கிருத என்று அடை மாற்றும்போது சமஸ்கிருதமயமாதல் ஏற்கெனவே சமூகவியலில் ஊன்றிவிட்டது. இதற்கு மட்டும் தோய்வு என்றால் ஒப்பிடும் வசதி போய்விடும். 'முழுக்க' என்ற பொருளும் வழக்கில் தேய்ந்துவிட்டது. நகரமயமான மாவட்டம் என்றால் அங்கே வயலே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே.

---

அனுப்புநர்: பண்டைய வரலாறு கற்பிப்பவர்

உரூக்கைப் பற்றி ஒரு வரி. கி.மு. 244ஐச் சேர்ந்த கட்டடக் கல்வெட்டில் அனு-உபல்லித் என்ற அதிகாரி, நிக்கார்கோஸ் என்ற தன் மறுபெயரை மன்னர் அந்தியோக்கு (மேலே வந்த நான்காமவருக்கு முந்தையவர்) சூட்டினார் என்கிறார். எழுத்து ஆப்பெழுத்து, மொழி அக்காடியம், புதுப்பித்தது அனு கோயில். இங்கே 'கிரேக்கமயமானார்' என்று எழுதாதீர்கள். 'கிரேக்கப் பெயரும் பெற்றார்' போதும். கலைச்சொல் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் தூவினால் சான்றைவிடச் சொல் பெரிதாகிவிடும்.

காலப்பெயரை இதிலிருந்து பிரித்துவிடுவோம். கி.மு. 323 முதல் 30 வரையிலான காலத்தைக் 'கிரேக்கமயக் காலம்' என்றால் காரியா வெளியே விழும், பின்னாளில் பாக்திரியாவையும் வடமேற்கு இந்தியாவையும் ஆண்ட குசானரும் வெளியே விழுவர். ரபாதக் கல்வெட்டில் குசான மன்னர் கனிஷ்கர் பாக்திரிய மொழியைக் கிரேக்க எழுத்தில்தான் பொறித்தார். மொழி போன பிறகும் எழுத்து தங்கியிருக்கிறது. காலத்துக்கு 'எல்லேனியக் காலம்' இருக்கட்டும்.

---

அனுப்புநர்: மொழியியலர்

மயத்தை விட்டுக்கொடுக்கிறேன். தோய்ந்த என்ற பெயரெச்சத்தை நடையில் ஆள யார் அனுமதியும் வேண்டாமே.

எழுத்துக்கூட்டலில் கவனம். 'எலனிய', 'ஹெலனிய' என்றால் திராய் போரின் எலனை நினைத்துக்கொள்வார்கள். மூலச்சொல்லில் இரட்டை ல் உண்டு, அடுத்த உயிர் நெடில். ஆகவே எல்லேனிய. தேடலுக்காக மற்ற வடிவங்களையும் அகரவரிசையில் 'காண்க' என்று சேர்த்துவிடுங்கள்.

---

அனுப்புநர்: பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

சொற்கோவையில் இப்படிப் பதிகிறேன்:

கிரேக்கமயமாதல்: கிரேக்கரல்லாத மக்கள் கிரேக்க மொழி, கலை, நிறுவனம், வழிபாடு ஆகியவற்றில் சிலவற்றையோ பலவற்றையோ தமதாக்கிக்கொள்ளுதல். எ-டு: காரியா, கி.மு. 4ஆம் நூற்றாண்டு.

கிரேக்கமயமாக்கல்: ஆணையாலோ அழுத்தத்தாலோ மேற்கண்டதை நிகழ்த்துதல். செய்தவர் பெயரோடு மட்டும் ஆள்க.

எல்லேனியக் காலம்: கி.மு. 323–30.

மொழி மட்டும் மாறிய இடத்தில் 'கிரேக்க மொழிக்கு மாறினர்' என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். காந்தாரச் சிற்ப அத்தியாயத்தில் கிரேக்க வீரன் எராக்கிளிசின் உடற்கட்டோடு நிற்கும், புத்தரின் காவலரான வச்சிரபாணிக்கு இதில் எதைப் போடுவது என்பது தனி இழையில்.