மாக் 4.79இல் தீ ஆடவே மாட்டேன் என்கிறது: உதவி தேவை

நிலாவெளிப் பெடியன்:
வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, லேர் என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட பரிசோதனையை ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம ஓட்டக் கணிப்பு மென்பொருளில் திரும்பச் செய்து பார்க்கிறேன். 15 மி.மீ விட்டம், அரைக்கோள மூக்கு உள்ள எறியம், முழுமையாக எரியும் விகிதத்தில் கலந்த ஐதரசன்–வளிக்குள் பாய்கிறது. அமுக்கம் 320 மி.மீ இரசம், வெப்பநிலை 292 கெல்வின்.

மாக் 4.79இல், அதாவது ஒலியின் வேகத்தைப் போல 4.79 மடங்கில், எரிமுனை (தீ தொடங்கும் விளிம்பு) சேலைக் கொய்யகம் மாதிரி வரிவரியாக மடிய வேண்டும். அவர் அளந்த அதிர்வெண் 712 கிலோஹேர்ட்ஸ். எனக்கு வருவதோ கண்ணாடி போல வழவழப்பான தீ. முதல் சில மைக்ரோசெக்கன் லேசாக ஆடிவிட்டு அடங்கிவிடுகிறது. மாக் 6.46 மட்டும் பரிசோதனையில் உள்ளபடியே ஆடாமல் நிற்கிறது. அதனால் என் அமைப்பில் பிழை இல்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்று இரவு ஓட்டிவிட்டேன். லப்டொப்பில் தோசை சுடலாம்.

உவர்மலை அண்ணை:
எந்த வினைத்தொகுதி தம்பி? ஒற்றைப் படி வினை போட்டிருந்தால் தூண்டற் காலம், அதாவது சூடான வாயு பற்றுவதற்கு எடுக்கும் நேரம், சரியாக வராது.

நிலாவெளிப் பெடியன்:
இல்லை அண்ணை, ஜக்கிமோவ்ஸ்கியின் ஐதரசன் எரிதல் தொகுதி: 9 வேதி இனம், 19 வினை.

கணக்கு அக்கா:
அப்படியென்றால் வேதியியலை விடுங்கள். 6.46 ஆடாமல் நிற்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது தம்பி. அது வெடிப்பலையின் (அதிர்ச்சி அலையும் தீயும் சேர்ந்தே ஓடும் அலை) வேகத்தைவிட வேகம், தீ எறியத்துக்கு முன்னால் நிற்கும் அதிர்ச்சி அலையோடு ஒட்டிக்கொண்டே போகும். காலக்கணக்கு பிழைத்திருந்தாலும் அந்த விடை சரியாகத்தான் வரும்.

4.79 வேறு கதை. அதிர்ச்சி அலையைத் தாண்டிய வாயு ஏறத்தாழ 1,500 கெல்வின் வரை சூடாகியும் உடனே பற்றாது, கொஞ்சம் பொறுத்துத்தான் பற்றும். பற்றும்போது கிளம்பும் அமுக்க அலை முன்னால் ஓடி அதிர்ச்சி அலையில் மோதி அதைப் பலப்படுத்துகிறது. பின்னால் வரும் வாயு இன்னும் சூடாகி, முன்னதைவிடச் சீக்கிரம் பற்றுகிறது; அதிலிருந்து திரும்பவும் அமுக்க அலை. ஒரு சுற்றுக்கு 1.4 மைக்ரோசெக்கன்தான். ஆட்டம் முழுக்க இந்த அலைகள் போய்வரும் நேரத்தில் இருக்கிறது. காலப்படி, அதாவது கணிப்பு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேரம், என்ன வைத்தீர்கள்? ஓப்பன்ஃபோமின் கணிப்புத் திட்டங்களைக் குறிக்கும் எஃப்வி ஸ்கீம்ஸ் கோப்பில் காலத் திட்ட வரியைப் போடுங்கள்.

நிலாவெளிப் பெடியன்:
‘லோக்கல் ஆய்லர்’ என்று இருக்கிறது அக்கா. சீனியர் தந்த கோப்பு, நான் தொடவில்லை.

கணக்கு அக்கா:
பிடிபட்டது கள்ளன்! அதில் ஒவ்வொரு செல்லும் (கணிப்பு வலையின் சிறு கட்டம்) தன் தன் காலப்படியில் ஓடும். ஊரில் வீட்டுக்கு வீடு மணிக்கூடு வெவ்வேறு வேகத்தில் ஓடினாலும் எல்லாரும் கடைசியில் கோணேசர் கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். யார் எப்போது வந்தார் என்று கேட்டால்தான் சிக்கல். நிலையான விடைக்கு அது போதும், ஆட்டத்துக்கு உதவாது. எல்லாச் செல்லுக்கும் ஒரே காலப்படி வைத்து, இரண்டாம் படித் திட்டத்தில் ஓட்டுங்கள்.

நிலாவெளிப் பெடியன் (இரண்டு நாள் கழித்து):
ஆடுகிறது அக்கா! ஆனால் ஒழுங்கில்லை, ஒரு மடிப்புப் பெரிது, அடுத்தது சிறிது.

உவர்மலை அண்ணை:
மூக்குக்கும் அதிர்ச்சி அலைக்கும் இடையில் எத்தனை செல்? தீ இல்லாவிட்டால் அந்த இடைவெளியே 1.2 மி.மீ அளவுதான். வாயு பற்றாமல் காத்திருக்கும் தூண்டற் பகுதி அதிலும் ஒரு துண்டு.

நிலாவெளிப் பெடியன்:
22 செல்... சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

உவர்மலை அண்ணை:
வெட்கம் எதற்கு, நாங்களும் இப்படித்தான் பழகினோம். நாலு மடங்காக்கிப் பாருங்கள். மூக்கின் நேர்முன்னால் சுவரில் ஒரு புள்ளி வைத்து அமுக்கத்தைப் பதிவு செய்யுங்கள், படத்தைப் பார்த்து எண்ணாதீர்கள்.

நிலாவெளிப் பெடியன்:
அந்தப் புள்ளியில் அமுக்கம் சீவிய சீப்புப் பல் மாதிரி வருகிறது. பல்லுக்குப் பல் 1.4 மைக்ரோசெக்கன், லேரின் 712 கிலோஹேர்ட்ஸும் அதுதான். அக்காவுக்கும் அண்ணைக்கும் பெரிய நன்றி. கரண்ட் நின்று தொலைக்காவிட்டால் இன்றிரவு மாக் 4.48 ஓட்டுகிறேன், அங்கே 425 கிலோஹேர்ட்ஸ் வர வேண்டும்.