உதவி: கால்சியம் பம்ப் புரதம், கால்சியத்தைக் கேட்டால் திரை முழுக்க உருண்டைகள்

நீலச்சுருள்:
அவசரம். தசையில் இருக்கும் கால்சியம் பம்ப் புரதத்தின் இரண்டு நிலைகளையும் மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் ஏற்றி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறேன், பொருந்தவே மாட்டேன் என்கிறது. தலைப்பக்கமும் விலகி நிற்கிறது, சவ்வுக்குள் இருக்கும் பகுதியும் விலகி நிற்கிறது. அதைவிடப் பெரிய தலைவலி, கால்சியத்தை மட்டும் உருண்டையாகக் காட்டச் சொன்னால் புரதம் முழுக்க உருண்டையாகிவிடுகிறது. இன்னொரு கோப்பில் கால்சியமே இல்லை போலிருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா? நாளைக் காலை வகுப்பில் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

மணல்கடிகாரம்:
எந்தக் கோப்புகள்? புரத அமைப்புகளின் தரவுத்தளமான பிடிபியில் இருக்கும் குறியீடு சொல்லாமல் எப்படிங்க? இந்தப் பம்புக்கு, அதாவது செர்காவுக்கு மட்டும் எத்தனையோ படிக அமைப்புகள் இருக்கின்றன. கொடுத்த கட்டளையையும் அப்படியே போடுங்கள்.

ஈரச்சவ்வு:
இறக்கும்போது கோப்பு பாதியில் நின்றிருக்கும், எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். கிராபிக்ஸ் டிரைவரையும் ஒரு தடவை பாருங்கள்.

படிகமூத்தோன்:
தம்பி, மென்பொருளைத் திறப்பதற்கு முன் கட்டுரையைத் திறக்க வேண்டும். டொயோஷிமா குழு 2000-இல் முயல் தசையிலிருந்து எடுத்த பம்பை 2.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் காட்டியது, அது இரண்டு கால்சியம் பிடித்த நிலை. 2002-இல் வந்தது பம்பை நிறுத்தும் தாப்சிகார்ஜின் என்ற பொருளைப் போட்டுப் பூட்டிய, கால்சியம் இல்லாத நிலை, 3.1 ஆங்ஸ்ட்ராம். நீ வைத்திருப்பது இந்த இரண்டும் என்றால் இரண்டாவதில் கால்சியம் இல்லாததில் ஆச்சரியமே இல்லை. அதற்காகத்தான் அந்தப் படிகத்தையே வளர்த்தார்கள். இதுகூடத் தெரியாமல் வகுப்பில் என்ன பேசப் போகிறாய்?

நீலச்சுருள்:
தம்பி இல்லை, தங்கை. 1எஸ்யு4, 1ஐடபிள்யூஓ. கட்டளை 'நேம் சிஏ'. பொருத்தியது முழுச் சங்கிலியையும்.

மணல்கடிகாரம்:
அகப்பட்டது. கால்சியத்துக்கு மட்டுமல்ல, ஆல்பா கார்பனுக்கும் கோப்பில் பெயர் சிஏதான்! இந்தப் புரதத்தில் 994 அமினோ அமிலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆல்பா கார்பன், அத்தனையும் உருண்டையாகிவிட்டது. நீங்கள் தேடும் இரண்டு கால்சியமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கின்றன. அணுவின் பெயரைச் சொல்லாமல் தனிமத்தைச் சொல்லிக் கேளுங்கள், 'எலெம் சிஏ'. இரண்டே இரண்டு வரும், நடுவில் அளந்தால் 5.7 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும். அப்புறம் கால்சியத்தைப் பிடிக்கும் அமினோ அமிலங்களில் குளூட்டமேட் 309, குளூட்டமேட் 771, அஸ்பார்டேட் 800 மூன்றையும் குச்சியாகக் காட்டுங்கள். 800 மட்டும் இரண்டு அயனிகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது.

பொருத்தும்போது முழுச் சங்கிலி வேண்டாம். இந்தப் பம்ப் வேலை செய்வதே உடம்பை முறுக்கித்தான், கால்சியம் போனதும் தலைப்பக்கத்தில் இருக்கும் ஏ பகுதி மட்டுமே 110 டிகிரி திரும்புகிறது. அதையெல்லாம் சேர்த்துப் பொருத்தினால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விலகத்தான் செய்யும். சவ்வுக்குள் இருக்கும் பத்துச் சுருள்களில் (எம்1 முதல் எம்10) அதிகம் அசையாதவை எம்7 முதல் எம்10 வரை. 830-ஆம் அமினோ அமிலத்துக்கு மேல் கடைசிவரை எடுத்துப் பொருத்துங்கள்.

ஈரச்சவ்வு:
சரி, டிரைவர் இல்லை. ஆனால் 1எஸ்யு4-இல் தலைப்பகுதிகள் அப்படி விரிந்து கிடப்பதை நான் என்றைக்கும் நம்பியதில்லை. பம்புக்கு ஆற்றல் தரும் ஏடிபி வந்து ஒட்டும் இடத்துக்கும் பாஸ்பேட் ஏற வேண்டிய அஸ்பார்டேட் 351-க்கும் நடுவில் 25 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இடைவெளி. படிகத்துக்குள் அடுக்கியதால் வந்த விரிப்பு அது.

படிகமூத்தோன்:
2004-ஐத் தாண்டி வரவில்லையா நீங்கள்? ஏடிபி போலவே இருக்கும் ஏஎம்பிபிசிபியை வைத்து டென்மார்க்கிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகத் தலைப்பகுதிகள் மூடிய நிலையைக் காட்டிவிட்டன. திறந்திருந்தால்தானே ஏடிபி உள்ளே வரும்?

ஈரச்சவ்வு:
மூடுவதை யார் மறுத்தது? செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில் எப்போதும் இருக்கிறது, அந்தத் திறந்த நிலை அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான் கேட்கிறேன். ஏடிபியே இல்லாமல், கால்சியத்தைக் கொட்டி வளர்த்த படிகத்தை அதற்குச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

படிகமூத்தோன்:
படிகம் பொய் சொல்லாது. ஒரு நிலையைக் காட்டுகிறது, அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று அதனிடம் கேட்பது உங்கள் தவறு.

மணல்கடிகாரம்:
இதற்குத் தனி இழை போடுங்களேன். அந்தப் பெண்ணுக்கு விடிந்தால் வகுப்பு.

நீலச்சுருள்:
இரண்டு உருண்டை வந்துவிட்டது, 5.7 சரியாக இருக்கிறது. கீழ்ப்பகுதி பொருந்தியதும் மேலே எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. நன்றி அண்ணா. தூங்கப் போகிறேன்.

ஈரச்சவ்வு:
25 ஆங்ஸ்ட்ராமையும் வகுப்பில் சொல்லுங்கள் தங்கச்சி, யாராவது கேட்பார்கள்.