ராஸ் மீன் வாங்கும் முன் அது எங்கே தூங்கும் என்று கேளுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் ராஸ் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது நிறம்தான். பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் ஒரே உடம்பில் கோடு கோடாக ஓடினால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கடையில் நின்று நான் கேட்கிற முதல் கேள்வி வேறு. இது ராத்திரி எங்கே படுக்கும்? கடைக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ராஸ் குடும்பத்தில் ஐந்நூறுக்கும் மேல் இனங்கள் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு வருபவற்றை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். மெலானூரஸ், யெல்லோ கோரிஸ், லெபர்ட் ராஸ் எல்லாம் மணலுக்குள் புதைந்து தூங்கும். ஃபேரி ராஸும் ஃபிளாஷர் ராஸும் பாறை இடுக்கில் ஒண்டி, உடம்பைச் சுற்றிச் சளிபோல ஒரு கூடு விட்டுக்கொண்டு தூங்கும். முதல் வகைக்குக் குறைந்தது இரண்டு அங்குல ஆழத்துக்கு நைசான மணல் வேண்டும். அடியில் மணலே போடாத தொட்டியில் மெலானூரஸை விட்டால், அது இருட்டியதும் கண்ணாடியில் முட்டிக்கொண்டே கிடக்கும்.

எங்கள் வீட்டு மெலானூரஸ் விளக்கு அணைவதற்கு முன்னாலேயே இடம் பார்க்கத் தொடங்கிவிடும். முன் கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும். கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும் என்பதால் ஒன்று என்னைப் பார்க்கும், மற்றது மணலைப் பார்க்கும். அப்புறம் தலையைச் சாய்த்து ஒரே குத்து. வால் ஒரு துடி துடிக்கும், ஆளைக் காணோம். சில நாள் கண்ணாடியை ஒட்டியே புதையும். அன்றைக்குச் செவுள் மூடி திறந்து மூடுவதையும் பக்கத்தில் மணல் துகள் மெல்ல அசைவதையும் பார்க்கலாம்.

புதிதாக வாங்கியவர்கள் பயப்படுவது இங்கேதான். மீனைத் தொட்டியில் விட்டதும் மணலுக்குள் போகும், நாலைந்து நாள் வெளியே வராது. செத்துவிட்டதோ என்று கம்பியால் கிளறாதீர்கள். பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த மீன் என்றால் அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அதனால் நம் ஊர்ப் பிற்பகலிலேயே அதற்குப் பொழுது சாய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நம் நேரத்துக்கு வரும். நோய் வருகிறதா என்று தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கும்போதும் ஒரு டிபன் டப்பா நிறைய மணல் வைத்துவிடுங்கள். அது போதும், தானாகவே கண்டுபிடித்துப் படுத்துக்கொள்ளும்.

மூடி கட்டாயம். ராஸ் மிரண்டால் மேலே பாயும், விரல் நுழைகிற சந்து இருந்தால் தரைக்கு வந்துவிடும். ஆனால் கண்ணாடி மூடி வேண்டாம். சித்திரை வெயிலில் நம் ஊரில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மேலே ஃபேன் ஓடித் தண்ணீர் ஆவியானால்தான் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவர்களிடம் அளவு கொடுத்து, அலுமினியச் சட்டத்தில் வலை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆவியாகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் அல்ல. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அடர்த்தி 1.025ஐ ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, சிக்ஸ்லைன் ராஸை விட்டுவிட்டீர்களே. கைவிரல் நீளம் கூட இல்லை, தொட்டியில் அதுதான் ஜமீன்தார். பவளத்தில் ஒட்டுகிற தட்டைப்புழுக்களைப் பொறுக்கித் தின்னும் என்று வாங்கினேன், தின்னவும் செய்தது. அதற்குப் பிறகு நான் விட்ட ஃபேரி ராஸை நிம்மதியாக நீந்தவிடவில்லை. கடைசியில் சிக்ஸ்லைனைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. வாங்குவதானால் அதைக் கடைசியாக விடுங்கள்.

வண்ணார்பேட்டையிலிருந்து:

2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, தொட்டி மாடியில் இருந்ததால் தப்பியது. கரண்ட் போனது போனதுதான். இன்வெர்ட்டரும் கைவிட்ட பிறகு, பேட்டரியில் ஓடுகிற காற்று பம்பு ஒன்றும் ஒரு குவளையும்தான் மிச்சம். ஆள் மாற்றி ஆள் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். ஃபில்டர் ஓடாதபோது தீனி போட்டால் அம்மோனியா ஏறும் என்று தீனியை அடியோடு நிறுத்திவிட்டோம்.

அப்போது கவனித்தது இது. யெல்லோ கோரிஸ் பெரும்பாலும் மணலுக்குள்ளேயே கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் விழுந்தால் தலையை மட்டும் நீட்டும், மறுபடி உள்ளே போய்விடும். ஃபேரி ராஸ்தான் ஆட்டம் காட்டியது. இருட்டில் என் தம்பி டார்ச் அடித்தான், அது பாய்ந்து வலையில் மோதித் திரும்பத் தண்ணீரில் விழுந்தது. வலை இல்லாவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். அதிலிருந்து ராத்திரியில் தொட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அறை விளக்கைப் போடுகிறோம். டார்ச் நேராக அடிப்பதே இல்லை.

தூத்துக்குடியிலிருந்து:

எங்கள் வீட்டில் சங்கு குளிக்கிறவர்கள். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, மேல் இறங்கினால் முதலில் வந்து எட்டிப் பார்ப்பது மூன் ராஸ்தான். பச்சை உடம்பு, பிறை மாதிரி மஞ்சள் வால். சங்கு தேடிக் கையால் மணலைக் கிளறினால் பின்னாலேயே வந்து, கிளம்புகிற புழுவையும் நண்டுக்குஞ்சையும் பொறுக்கும். மூன்று அடித் தொட்டிக்கு ஒன்று பிடித்துக் கொடு என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது என்றுதான் சொல்வேன். 25 சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியில் உள்ள இறாலும் நத்தையும் மிஞ்சாது. பவளப் பாறை கேட்பவர்களும் உண்டு. 2001லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம்.

கிளீனர் ராஸைக் கடலில் பார்க்க வேண்டும். நீலமும் கறுப்புமாக ஒல்லியான மீன், ஒரு பாறையைத் தன் இடமாக வைத்துக்கொள்ளும். பெரிய களவா மீன் வந்து வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். இது வாய்க்குள்ளேயே போய்ச் செவுளிலிருக்கும் ஒட்டுண்ணியைக் கொத்திவிட்டு வெளியே வரும். ஜப்பானின் ஒசாகாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தொண்டையில் குறியிட்ட கிளீனர் ராஸ்கள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையை மணலில் தேய்த்தன. இவ்வளவு விவரமான மீன் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சாகிறது. நாலு மீனிடம் அது தின்கிற அளவுக்கு ஒட்டுண்ணி எங்கே இருக்கும்? வாங்க ஆள் இருப்பதால்தான் பிடிக்கிறார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும்:

தூத்துக்குடித் தம்பி சொன்னதற்கு மேல் கிளீனர் ராஸ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தென்காசித் தம்பிக்கு: அந்தச் சிக்ஸ்லைனை யாருக்காவது கொடுப்பதானால் விஷயத்தைச் சொல்லியே கொடுங்கள்.

ஜோடியாக வாங்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: பெரும்பாலான ராஸ்கள் பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறுகிறவை. கூட்டத்தில் ஆண் போய்விட்டால் இருப்பதில் பெரிய பெண் அந்த இடத்துக்கு வரும். அதனால் இரண்டு ஆண்களைச் சேர்த்து விடாமல், ஓர் ஆணும் அதைவிடச் சின்னதாகப் பெண்ணும் எடுங்கள். எங்கள் மெலானூரஸ் வந்தபோது பெண். முதுகுத் துடுப்பில் கண் வரைந்ததுபோல ஒரு கரும்புள்ளி இருந்தது. நாளாக நாளாக அது மங்கியது, உடம்பில் பச்சை கூடியது, மற்ற மீன்களிடம் அதிகாரமும் கூடியது. தீனிக்கு மார்க்கெட்டில் பச்சைக் கூனி கிடைத்தால் நன்றாக அலசி, ஐஸ் தட்டில் உறையவைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடலாம். கருவாட்டுக் கூனி வேண்டாம்.

வள்ளியூர் நண்பர் உவரிக் கடற்கரை மணல் போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். அந்தக் கரையோர மணலில் கார்னெட், இல்மனைட் என்ற தாதுக்கள் கலந்திருக்கும், இஷ்டத்துக்கு அள்ளவும் கூடாது. கறுப்புத் துகள்களில் காந்தத்தில் ஒட்டுபவை உண்டு, அவை பம்பின் உள்காந்தத்தில் போய் அப்பிக்கொண்டு தேய்க்கும். ஆற்று மணலும் கூர், மீன் வயிற்றைக் கீறும். கடையில் நைசான அரகனைட் (சுண்ணாம்பு வகை) மணல் கேட்டு வாங்குங்கள். கறுப்பு மணலை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களென்றால், மாற்றுகிறவரை கண்ணாடி துடைக்கிற காந்தத் துடைப்பானைத் தொட்டிக்குள் விடாதீர்கள். துகள் அதில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முழுக்கக் கோடு போட்டுவிடும்.