3060 12ஜிபி-யை வித்துட்டு 5060 8ஜிபி வாங்கினா அது அப்கிரேடா?

குட்டிப்புயல்:
வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 5 3600 சிபியு, பி450 மதர்போர்டு, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். முக்காவாசி கேம், கால்வாசி பிளெண்டர்ல 3டி வேலை. கடையில ஆர்டிஎக்ஸ் 5060 எடுத்துக்கச் சொல்றாங்க. பெட்டியில 8ஜிபி-ன்னு பார்த்ததும் காசு எடுக்கக் கை வரல. 2021-ல வந்த கார்டை விட 2025-ல வந்த கார்டுல மெமரி கம்மியா? எடுக்கலாமா வேணாமா?

வாட்டுமணி:
எடுங்க ப்ரோ. மெமரி அளவை மட்டும் பார்த்துப் பயந்தா எப்படி? 3060-ல 3584 கோர் (கணக்குப் போடற சின்னச் சின்ன யூனிட்), 5060-ல 3840. 7 சதவீதம்தானேன்னு தோணும். ஆனா பூஸ்ட் கிளாக் 1.78 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 2.5-க்கு ஏறியிருக்கு. கோர், கிளாக், ரெண்டையும் பெருக்கி இரண்டால பெருக்குங்க: அங்க 12.7 டெராஃப்ளாப் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குங்கறது), இங்க 19.2. மெமரிக்குப் போற பாதையான பஸ் 192 பிட்ல இருந்து 128-ஆ சுருங்கினாலும் புது ஜிடிடிஆர்7 மெமரி புண்ணியத்துல டேட்டா போற வேகம், அதாவது பேண்ட்வித், நொடிக்கு 360 ஜிபி-யில இருந்து 448 ஆயிடுச்சு. கரண்ட் 170 வாட்டுக்குப் பதிலா 145. இதுக்கு மேல என்ன வேணும்?

பழையபாக்கி:
மணி, டெராஃப்ளாப்பை வச்சு ஒரு தலைமுறையை இன்னொண்ணோட ஒப்பிடறதை முதல்ல விடுங்க. 2080 டிஐ 4352 கோர், 13.4 டெராஃப்ளாப். 3070 5888 கோர், 20.3. காகிதத்துல 50 சதவீதம் கூட. கேம்ல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். காரணம், 3070-ல இருக்கற ஆம்பியர் டிசைன்ல பாதி கோர் முழு எண் கணக்கையும் சேர்த்துப் பார்க்கணும். அந்த வேலை வந்த நேரத்துல தசமக் கணக்கு நிக்கும். ஆனா பெட்டியில எல்லாத்தையும் முழுசா எண்ணிப் போட்டாங்க. ஏஎம்டி-யோட வேகா 64 கார்டை மறந்துட்டீங்களா? 12.7 டெராஃப்ளாப்பும் 295 வாட்டும் வச்சுக்கிட்டு, 8.9 டெராஃப்ளாப் 180 வாட் ஜிடிஎக்ஸ் 1080-ஐ எட்டிப் பிடிக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுச்சு.

வாட்டுமணி:
சரி, அதே அளவுகோலை உங்க கட்சிக்கும் வைப்போம். பஸ் அகலம் போச்சுன்னு 4060 வந்தப்பவும் இதே ஒப்பாரிதான். நொடிக்கு 272 ஜிபி, 3060-ஐ விடக் கம்மி. இருந்தும் சராசரியில 3060-ஐ முந்துச்சு. சிப்புக்குள்ளயே இருக்கற எல்2 கேஷ் மெமரி 3 எம்பி-யில இருந்து 24 எம்பி ஆனதுதான் காரணம், மெமரி வரைக்கும் போக வேண்டிய தேவையே குறைஞ்சுது. 5060 அதுக்கும் மேல. 5060-ல இருக்கற பிளாக்வெல் டிசைன்ல எல்லா கோரும் ரெண்டு வகைக் கணக்கையும் போடும், அதையும் சொல்லிடறேன்.

பழையபாக்கி:
8ஜிபி-க்குள்ள அடங்கற வரைக்கும் 5060 வேகம்தான். நான் மறுக்கவே இல்லையே. அடங்காதப்ப என்ன ஆகும்? தம்பி பி450-ன்னு எழுதியிருக்கறதை யாராச்சும் படிச்சீங்களா? அது பிசிஐஇ 3.0 போர்டு, கார்டும் போர்டும் பேசிக்கற பழைய தலைமுறைப் பாதை. அந்தப் பாதையில 5060-க்கு 8 லேன் மட்டும்தான். அந்த போர்டுல நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. வி-ராம், அதாவது கார்டோட மெமரி, நிரம்பி வழிஞ்சதும் டேட்டா சிஸ்டம் ராமுக்குப் போய் இந்தப் பாதை வழியாத்தான் வரணும். 448 எங்க, 8 எங்க? 3060-க்கு 16 லேன் இருக்கு, அதோட 12ஜிபி நிரம்பறதே அபூர்வம். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) சார்ட்ல இது தெரியாது, 1 சதவீத லோ (ரொம்ப மோசமான நேரத்து எஃப்பிஎஸ்) பாருங்க. சில கேம்ல அதுகூடத் தெரியாது, சத்தமில்லாம டெக்ஸ்ச்சரை மட்டும் மழுங்கடிச்சிடும். எஃப்பிஎஸ் நல்லாத்தான் ஓடும், சுவர் சேறு பூசின மாதிரி இருக்கும்.

வாட்டுமணி:
கேம் செட்டிங்ல அல்ட்ராவை ஹை-க்கு இறக்கினா தீர்ந்துது. 1080பி-யில வித்தியாசம் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேணும். 2023-ல லாஸ்ட் ஆஃப் அஸ் கேம் பிசி-க்கு வந்தப்ப 8ஜிபி செத்துப்போச்சுன்னு எல்லாரும் சங்கு ஊதினீங்க, அப்புறம் பேட்ச் வந்து சரியாச்சு. அதோட 4 மடங்கு ஃபிரேம் ஜெனரேஷன் 50 வரிசையில மட்டும்தான்.

பழையபாக்கி:
வந்துட்டாருய்யா. 2025 ஜனவரியில சிஇஎஸ் கண்காட்சி மேடையில என்விடியாக்காரங்க 549 டாலர் 5070, 4090-க்குச் சமம்னாங்க. 6144 கோர், 16384 கோருக்குச் சமமாம். நடுவுல மூணு ஃபிரேமைக் கற்பனையா வரைஞ்சு எண்ணிக்கையில சேர்த்த கணக்கு அது. கார்டு நிஜமா வரையறது 25 எஃப்பிஎஸ்-னா திரையில 100 காட்டலாம், மவுஸ் என்னமோ 25 வேகத்துலதான் பதில் சொல்லும். அந்த ஃபிரேம் ஜெனரேஷனுக்கே தனியா வி-ராம் வேணும், இருக்கற 8-லதான் பிடுங்கும். என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் 4-ல நிஜமா உருப்படியான விஷயம் புது டிரான்ஸ்ஃபார்மர் அப்ஸ்கேலிங், சின்னப் படத்தை ஏஐ வச்சுப் பெருசாக்கறது. அது 3060-லயே ஓடும் தம்பி, இன்னிக்கே போட்டுப் பாரு.

சிவப்புச்சட்டை:
ரெண்டு பேரும் என்விடியா பந்தலுக்குள்ளயே சுத்தறீங்க. ஏஎம்டி-யோட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16ஜிபி-ன்னு ஒண்ணு இருக்கு. அறிவிச்ச விலை 349 டாலர், 5060-ஐ விட 50 கூட. 16 லேன், அதனால பி450-லயும் பாதி கழுத்து நெரியாது. டிஎல்எஸ்எஸ் மாதிரி ஏஎம்டி-க்கு எஃப்எஸ்ஆர் 4 வேற. இதே பேர்ல 8ஜிபி-யும் விக்கறாங்க, கடைக்காரர் அதைத் தள்ளிவிடாமப் பார்த்துக்கோ.

வாட்டுமணி:
கால்வாசி பிளெண்டர்னு சொன்னாரே, அது கண்ணுல படலையா? பிளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டரர்ல என்விடியாவோட ஆப்டிக்ஸ் பக்கத்துல ஏஎம்டி-யோட ஹிப் நிக்க முடியுமா?

சிவப்புச்சட்டை:
வேகத்துல நிக்காது, ஒத்துக்கறேன். ஆனா 8ஜிபி-க்குள்ள சீன் அடங்கலைன்னா உங்க ஆப்டிக்ஸ் எதை ரெண்டர் பண்ணும்?

கேபிள்கண்ணன்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். கார்டு சண்டையை நிறுத்திட்டு அந்த 3600-ஐப் பாருங்க. 144 ஹெர்ட்ஸ் வேணும்கறார். குட்டிப்புயல், ஆஃப்டர்பர்னர் ஓவர்லே (திரையோரம் கார்டோட நிலவரம் காட்டற டூல்) போட்டு விளையாடிட்டு ஜிபியு யூசேஜ் எவ்வளவு, வி-ராம் எவ்வளவுன்னு போடுங்க.

குட்டிப்புயல்:
போட்டுப் பார்த்துட்டேன் அண்ணா. வேலரண்ட்டுல ஜிபியு 60 சதவீதம் பக்கம்தான் நிக்குது, வி-ராம் 3 ஜிபி கூட இல்ல. சைபர்பங்க்ல ரே டிரேசிங் போட்டா 98, வி-ராம் 9-ஐத் தாண்டுது. பிளெண்டர்ல போன மாசம் செஞ்ச சீன் 10.

பழையபாக்கி:
9, 10. வேற சாட்சி வேணுமா மணி?

வாட்டுமணி:
12 இருந்தா 12-க்கு ஏத்த மாதிரி ரிசர்வ் பண்ணி வச்சுக்கும். ஓவர்லே காட்டறது ஒதுக்கினது, நிஜமா தேவைப்பட்டது இல்ல. உங்களுக்கே தெரியும். 98 காட்டற இடத்துல கார்டுதான் தடை, அதையும் பாருங்க.

பழையபாக்கி:
கேமுக்கு அந்த வாதம் செல்லும். பிளெண்டர் சீனுக்கு?

கேபிள்கண்ணன்:
வேலரண்ட்டுல தடை சிபியு-தான், எந்தக் கார்டு போட்டாலும் இந்த 60-தான் இன்னும் இறங்கும். பி450-ல பயாஸ் அப்டேட் பண்ணினா 5700எக்ஸ்3டி சிபியு ஏறும், கிடைச்சா அதை முதல்ல போடுங்க. போர்டு மாடல் சொல்லுங்க, சப்போர்ட் லிஸ்ட் பார்த்துச் சொல்றேன். கார்டு மாத்தறதா இருந்தா 16ஜிபி, இல்லைன்னா 3060-யிலேயே இருங்க.

வாட்டுமணி:
பட்ஜெட் கேட்காமலே ரெண்டு பொருள் வாங்க வச்சுட்டீங்களே அண்ணா.