சுழல்நீட்டலா, சுழியிழுவையா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து:
வணக்கம். ஆங்கிலத்தில் vortex stretching எனப்படுவதற்கு, வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். புயற்காலம் வருகிறது, வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு, சுழலை நீட்டினால் ஏன் வேகம் பிடிக்கிறது என்று தமிழில் விளக்க வேண்டும். கன அளவு மாறாததால், சுழலின் நீளம் நான்கு மடங்கானால் விட்டம் பாதியாகும், சுழலும் விகிதம் நான்கு மடங்காகும். ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1858-இல் காட்டிய உறவு இது. 'சுழல்நீட்சி' எனலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து:
அம்மா, நீட்சி தன்வினை. சுழல் தானாக நீளவில்லை, ஓட்டம் அதை நீட்டுகிறது. ஆற்றில் ஆளை விழுங்குவது சுழிதானே? சுழி, சுருள், சுரி எல்லாம் வளைவைச் சொல்பவை. சங்கைச் சுரிவளை என்றார்கள். 'சுழியிழுவை' என்பதே என் துணிபு.

ரோஸ் ஹில்லிலிருந்து:
பிறவினை சரி, ஐயா. இழுவை கூடாது. ஓடும் காரைக் காற்று தடுக்கும் விசைக்கு அந்தச் சொல் போய்விட்டது. சுழியைப் பூச்சியமாகவும் படிக்கிறார்கள். அதைவிட, இழுத்தால் அறுந்துவிடும் என்றே பிள்ளைகள் எண்ணுவார்கள்.

நேற்று கழுவுதொட்டி நீரைக் கையால் சுழற்றி, அடைப்பைப் பிடுங்கி, மிளகுத்தூள் தூவினேன். ஓரத்துத் தூள் மெதுவாக வலம் வந்தது. துளைக்கு மேல் நூலாய் இறங்கிய குழியருகே கண்ணுக்குப் பிடிபடவில்லை. விரலால் தட்டினேன். நெளிந்தது, நிமிர்ந்தது. பாகுநிலை, அதாவது நீரின் உள்ளுராய்வு, சுழலை வெளியே பரப்புகிறது, நீட்டல் உள்ளே திரட்டுகிறது. இரண்டும் ஈடாகும் தடிமனில் அது நிற்கும். டச்சு இயற்பியலாளர் பர்கர்ஸ் 1948-இல் எழுதிய சுழல் இதுவே. குலைக்க வரும் அலையின் நீளத்தையும் ஓட்டம் கூட்டிவிடுவதால், அது சுழலோடு ஒத்திசைவு தவறித் தேய்கிறது. பக்கவாட்டு நெருக்கல் மிகுந்தால் மட்டும் நீள்வட்டமாகிக் குலையலாம்.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளில் பழகிய சொல் இருக்கிறது. 'சுழல்நீட்டல்' போதும்.

டர்பனிலிருந்து:
நீட்டல் நன்னூலில் செய்யுள் விகாரம் அல்லவா? 'சுழல்நீட்டல்' வினைத்தொகையாகி, சுழலும் நீட்டல் என்றும் பொருள்படும். புணர்த்தால் 'சுழனீட்டல்'!

ரியூனியன் தீவின் சாங் தெனியிலிருந்து:
'சுழனீட்டல்' என்றால் என் மாணவர்கள் சுழலையே தேடுவார்கள். புணர்க்காமல் எழுதுங்கள். அல்லது 'சுழலை நீட்டல்' என்று வேற்றுமையை விரித்துவிடுங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
இருவர் 'சுழல்நீட்டல்' பக்கம். முதன்முறை மட்டும் 'சுழலை நீட்டல்' என விரித்து எழுதுகிறேன். அச்சுக்கு நாளை கொடுக்க வேண்டும்.

டர்பனிலிருந்து:
நீட்டலுக்கு இசைகிறேன். சுழிக்குப் பதில் சுழல் என்பதற்கு இசையவில்லை, பதிவில் இருக்கட்டும்.